எங்கள் கணக்கில் இரண்டாம் மாடி

எங்கள் கட்டடத்துக்குள் முதல்முறை நுழைகிறவர்கள் எல்லோரும் வாசலில் தடுக்கி விழப் பார்ப்பார்கள். நீங்களும் அன்றைக்குத் தடுக்கினீர்கள், நான் பார்த்தேன். சுற்றிலும் கரியும் தண்ணீருமாகக் கிடந்ததால் தடுக்கியது என்று நினைத்திருப்பீர்கள். அதனால் இல்லை, சார். நீங்கள் வாசல் என்று நினைத்துக் கால் வைத்தது ஒரு ஜன்னல்.

அந்த ஜன்னலிலிருந்து தொடங்கினால்தான் மற்றதெல்லாம் புரியும். அவசரப்பட்டுச் சொன்னால் நான் கெட்டவளாகத் தெரிவேன். நிதானமாகச் சொன்னால் நியாயம் உங்களுக்கே விளங்கும். உங்களைத் தம்பி என்று கூப்பிட எனக்கு வயது இருக்கிறது. ஆனால் கூப்பிட மாட்டேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தச் சொல் ஏற்கெனவே ஒருவனுக்குப் போய்விட்டது. சார் என்றே இருக்கட்டும்.

கட்டடத்தை எழுப்பியவர் என் தாத்தா. நூல் வியாபாரி. கடைவீதிக்கு நடுவில், இரண்டு தெருக்கள் சேருகிற மூலையில் இடம் பிடித்து, நூல் கிடங்குக்கென்று கட்டினார். அந்தக் காலத்தில் எல்லோரும் சுவர் எழுப்பிச் சாந்து பூசி மறைப்பார்கள். தாத்தா பூசவிடவில்லை. செங்கல் செங்கல்லாகவே தெரியட்டும் என்றார். "பவுடர் போட்ட மூஞ்சி மழையில கரையும். வெந்த மூஞ்சி கரையாது" என்பாராம். சூளையிலிருந்து வண்டி வந்து நின்றதும் ஒரு கல்லை எடுத்து இன்னொரு கல்லில் தட்டுவார். கணீரென்றால் சுவருக்கு. பொத்தென்றால் வண்டிக்கே திரும்பும். வண்டிக்காரர் அலுத்துப்போய், "ஐயா, நீங்க கட்டடம் கட்டறீங்களா, கச்சேரி பண்றீங்களா?" என்று கேட்டதாக அப்பா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

ஒரு வரிசை நெடுக்கு, அடுத்த வரிசை குறுக்கு, மறுபடி நெடுக்கு. சுண்ணாம்புச் சாந்து. சுவரின் கனம் எவ்வளவு என்றால், என் தம்பி சின்னப்பிள்ளையாக இருந்தபோது ஜன்னல் மாடத்தில் காலை நீட்டிப் படுத்துத் தூங்குவான். உள்ளே இரும்புத் தூண்கள், தேக்கு உத்தரங்கள், அவற்றின் மேல் மரப்பலகைத் தளம். முன்பக்கம் வளைவு வைத்த ஜன்னல்கள். பக்கச் சுவர்களின் வெளியே இரும்பில் நட்சத்திரம் மாதிரி ஒன்று வரிசையாகப் பதித்திருக்கும், கவனித்தீர்களா? பார்க்கிறவர்கள் அலங்காரம் என்பார்கள். தம்பி ஒருநாள் அப்பாவிடம் கேட்டான்.

"அது எதுக்குப்பா?"

"ரெண்டு சுவரும் ஆளுக்கொரு பக்கமா ஓடிப்போகாம இருக்க, உள்ளுக்குள்ள கம்பி போட்டு இழுத்துக் கட்டியிருக்குடா. கம்பியோட முடிச்சுதான் அது."

"அவுத்தா?"

"அவுத்துப் பாரு. முதல்ல உன் தலையில விழும்."

அதற்குப் பிறகு நாங்கள் ஒரு விளையாட்டு விளையாடுவோம். நான் கிழக்குச் சுவர், அவன் மேற்குச் சுவர். ஒரு தாவணியின் இரு நுனிகளை ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு பின்னால் சாய்வோம். யார் முதலில் விடுகிறார்களோ அவர்கள் தோற்றார்கள். எப்போதும் அவன்தான் விடுவான். நான்தான் விழுவேன்.

இப்போது ஜன்னலுக்கு வருகிறேன். தாத்தா காலத்திலேயே ஒரு பெருவெள்ளம். தண்ணீர் வடிந்ததும், இனி கடைவீதி முழுகக் கூடாது என்று சாலையையே ஓர் ஆள் உயரத்துக்கு மேல் மண் கொட்டித் தூக்கிவிட்டார்கள். கடைக்காரர்கள் ஒருநாள் வந்து பார்த்தால் கடை கிணற்றுக்குள் இருக்கிறது. எல்லோரும் கீழ்த்தளத்தை மூடிவிட்டு, மாடி ஜன்னலை இடித்து வாசலாக்கிக்கொண்டார்கள். தாத்தாவும் அதையே செய்தார். ஆனால் ஜன்னல் கட்டையை முழுவதுமாக எடுக்க அவருக்கு மனசு வரவில்லை. அதுதான் இன்றுவரைக்கும் காலை இடறுகிறது.

மற்றவர்கள் அதோடு பெயரையும் மாற்றிக்கொண்டார்கள். பழைய தரையை நிலவறை என்றார்கள். பழைய முதல் மாடியைத் தரைத்தளம் என்றார்கள். தாத்தா மட்டும் மாற்றவில்லை. "ரோடு ஏறினா ஏறட்டும். நம்ம மாடி எதுக்கு இறங்கணும்?" என்று ஒரே வார்த்தை. அது எங்கள் வீட்டுச் சட்டமாகிவிட்டது.

ஆகவே, தெருவில் நிற்கிற உங்களுக்குத் தரைத்தளம் எதுவோ, அது எங்களுக்கு முதல் மாடி. ஜெராக்ஸ் கடை இருந்த இடம். அதற்கு மேலே எங்கள் கணக்கில் இரண்டாம் மாடி. அதற்கும் மேலே மூன்றாம் மாடி, அங்கேதான் எங்கள் குடித்தனம். அதற்கு மேல் மொட்டை மாடி. எழுதிக்கொண்டீர்களா? இதைப் புரிந்துகொள்ள உங்களுக்கு இவ்வளவு நேரம் ஆகிறது. எனக்கு இது தாய்ப்பாலோடு வந்தது.

இந்தக் கணக்கால் எத்தனை பேர் அலைந்திருக்கிறார்கள் தெரியுமா? ஒருமுறை எனக்குக் கல்யாணம் பேச ஒரு குடும்பம் வந்தது. மூன்றாம் மாடி என்று அப்பா சொல்லி அனுப்பியிருந்தார். அவர்கள் தெருவிலிருந்து எண்ணிக்கொண்டு ஏறி, மொட்டை மாடிக் கதவைத் தட்டியிருக்கிறார்கள். பூட்டியிருந்தது. எங்கள் தலைக்கு மேலே அந்தக் கதவடியில் அவர்கள் நடப்பது கேட்டது. பட்டுப்புடவைச் சரசரப்புகூடக் கேட்டது என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றும். அம்மா பதறினாள்.

"ஏறிப் போய்க் கூட்டிட்டு வாங்களேன்."

"எண்ணத் தெரியாதவங்களுக்குப் பொண்ணு எதுக்கு?" என்றார் அப்பா.

"ஐயோ, இறங்கிப் போறாங்களே!"

"போகட்டும். வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்னு சொல்லுவாங்க. ஒண்ணைப் பார்த்தாச்சு. இன்னொண்ணை அப்புறம் பார்க்கலாம்."

அந்த அப்புறம் வரவில்லை. எனக்கு அதில் வருத்தம் இல்லை. தம்பி என்னைச் சீண்டுவான். "அக்கா, நீ கடைசியில இந்தக் கட்டடத்தைத்தான் கட்டிக்கிட்டே." "ஆமாண்டா, குறட்டை விடாத புருஷன்" என்பேன். அவன் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள். நல்ல பெண். என்னை அண்ணி அண்ணி என்று பிரியமாகத்தான் இருந்தாள். உங்களிடம் முதலில் புகார் கொடுக்க வந்தது அவள்தான் என்று தெரியும். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை.

அப்பா போன பிறகு கட்டடம் தம்பி பெயருக்கு வந்தது. "அக்கா இருக்கிறவரைக்கும் இருந்துக்கட்டும்" என்று ஒரு வார்த்தை எனக்கு. அவன் கல்யாணமானதும் புறநகரில் வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டான். நான் இருந்தேன். மழைக்கு முன், செங்கல் இடுக்கில் காரை பெயர்ந்த இடத்தில் சுண்ணாம்பு வைத்து அடைக்கச் சொல்வேன். ஒரு கொத்தனார் கேட்காமல் சிமென்ட் வைத்துவிட்டார். "பலமா இருக்குமேம்மா" என்றார். சிமென்ட் மூச்சுவிடாது, செங்கல் உள்ளுக்குள்ளேயே ஈரத்தை வைத்துக்கொண்டு வெடிக்கும் என்று சொல்லி, அவர் கையாலேயே உளியால் கொத்தி எடுக்கவைத்தேன். மூச்சுவிட முடியாமல் வைப்பது எவ்வளவு பெரிய கொடுமை என்று எனக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

பிறகு ஒருநாள் தம்பி ஒரு பில்டரைக் கூட்டிக்கொண்டு வந்தான். நல்ல மரியாதையான மனிதர். செருப்பை வெளியே விட்டுவிட்டு உட்கார்ந்தார்.

"முகப்பு அப்படியே நிக்கும்மா. ஒரு செங்கல்லைத் தொடமாட்டோம். பின்னாடி மட்டும் எடுத்துட்டுக் கண்ணாடியில டவர் எழுப்பறோம்."

"பின்னாடி மட்டும்னா?"

"முகப்பைத் தவிர மத்ததெல்லாம்."

"உள்ள இருக்கிற கம்பி?"

"அதெல்லாம் பழைய இரும்பும்மா. இழுத்துப் போட்டுடுவோம்."

"ஆளைக் கொன்னுட்டு மூஞ்சியை மட்டும் உரிச்சு மாட்டி வைக்கறீங்க" என்றேன். சாதாரணமாகத்தான் சொன்னேன். அவர் கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

தம்பி குறுக்கே வந்தான். "அக்கா, பேசாம இரு. உனக்குப் பத்தாவது மாடியில ஒரு வீடு பேசியிருக்கேன். லிப்ட் வரும். மூட்டுவலி எனக்கு மட்டுமா, உனக்கும்தானே?"

"எந்தக் கணக்குல பத்து?"

அவன் மனைவி சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. அப்போது பில்டர் ஏதோ குறித்துக்கொண்டே, "இப்ப மொத்தம் எத்தனை தளம் சார்?" என்று கேட்டார்.

தம்பி என்னைப் பார்க்காமல் சொன்னான். "தரைத்தளம், மேல ரெண்டு. கீழ ஒரு நிலவறை."

நிலவறை என்ற சொல் எங்கள் வீட்டுக்குள் அதுவரை விழுந்ததில்லை. அப்பா இருந்திருந்தால் செருப்பு பறந்திருக்கும். நான் எழுந்து டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். எனக்குக் கோபம் வரவில்லை, சார். வந்திருந்தால் ஆறியிருக்கும்.

நெருப்பை நான் வைக்கவில்லை. அதில் உங்களுக்கும் சந்தேகம் இல்லை என்று உங்கள் முகமே சொல்கிறது. மின்கம்பி. ஜெராக்ஸ் கடைக்காரர் சில நாளாகவே, "அம்மா, போர்டு பக்கம் தீஞ்ச வாடை வருது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். "ஓனர்கிட்டச் சொல்லுங்க. நான் யாரு, சும்மா ஒண்டியிருக்கிறவ" என்றேன். அவர் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. இடிக்கப் போகிற கட்டடத்துக்கு எதற்குப் புதுக் கம்பி?

அன்று மதியம் தம்பி இரண்டாம் மாடியின் பின் அறையைக் காலி செய்ய வந்திருந்தான். முன் அறையில் இருந்த வரி ஆலோசகர் ஏற்கெனவே போய்விட்டார். பின் அறையில் தாத்தாவின் நூல் தராசு, நூலைச் சிட்டமாகச் சுற்றுகிற சட்டம், கூடை கூடையாக நூல் நூற்கிற தக்ளிகள். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. இருந்தது. பக்கத்துக் கட்டடம் ஒட்டி எழும்பியபோது செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். உள்ளிருந்து பார்த்தால் வளைவு தெரியும், நடுவில் சுவர். தம்பியின் முழங்காலில் அப்போதுதான் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. ஒவ்வொரு படியாக, இரண்டு காலையும் சேர்த்து வைத்து வைத்துத்தான் ஏறினான்.

"மெதுவா ஏறுடா."

"எல்லாம் இன்னும் கொஞ்ச நாளைக்குத்தான்கா. அப்புறம் லிப்ட்."

அவனுக்கு டீ போட்டுத் தர வேண்டும் என்று நான் பால் வாங்கப் போனேன். திரும்பும்போது எங்கள் வாசல் ஜன்னலிலிருந்து புகை கரும்புகையாக வந்துகொண்டிருந்தது. ஜெராக்ஸ் கடைக்காரர் தெருவில் நின்று தலையில் அடித்துக்கொண்டிருந்தார். காகிதக் கடை அல்லவா, பற்றினால் நிற்குமா? மரப்படி புகைபோக்கி மாதிரி ஆகிவிட்டது. அப்போது என் போன் அடித்தது.

"அக்கா, கீழ புகையா வருது. படியில இறங்க முடியல. நான் ரெண்டாம் மாடி பின் ரூம்ல இருக்கேன். வர்றவங்ககிட்டச் சொல்லு."

ரெண்டாம் மாடி என்றான், சார். பில்டரிடம் தரைத்தளம், மேலே ரெண்டு என்று ஒப்பித்த அதே வாய். பயம் வந்ததும் அவன் எங்கள் கணக்குக்கே திரும்பி வந்துவிட்டான். அந்த நேரத்திலும் எனக்கு மனசுக்குள் ஒரு குளிர்ச்சி. தாவணி நுனியை மறுபடி பிடித்துக்கொண்டான் என்று தோன்றியது.

"சொல்றேன். கதவைச் சாத்திட்டு இடுக்குல துணியை வை. நான் சொல்ற வரைக்கும் திறக்காதே" என்றேன். அது சரியான யோசனைதான். உங்கள் தீயணைப்பு அதிகாரியே அப்புறம் சொன்னார், அப்படிச் செய்ததால்தான் அந்த அறைக்குள் அவ்வளவு நேரம் காற்று இருந்தது என்று.

வண்டி சீக்கிரமே வந்தது. அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதிகாரி இறங்கி ஓடி வந்தார்.

"உள்ள யாராவது இருக்காங்களாம்மா?"

"என் தம்பி."

"எந்த மாடி?"

"ரெண்டாம் மாடி. பின் ரூம்."

அவர் தெருவில் நின்றுகொண்டு அண்ணாந்து எண்ணினார். விரல் ஜெராக்ஸ் கடையைத் தாண்டி, அதற்கு மேலே தாண்டி, எங்கள் வீட்டு ஜன்னலில் நின்றது. "அதானே?" என்றார். நானும் அந்த ஜன்னலைப் பார்த்தேன். துவைத்துப் போட்டிருந்த என் புடவை ஒன்று அங்கே ஆடிக்கொண்டிருந்தது. அதைத்தான் பார்த்தேன். அவர் அதைத் தலையாட்டல் என்று எடுத்துக்கொண்டால் நான் என்ன செய்வது?

ஏணி வைத்தார்கள். நல்ல பிள்ளைகள், பயமில்லாமல் ஏறினார்கள். இருக்கிற அறைகளையெல்லாம் தேடினார்கள். என் கட்டிலுக்கு அடியில்கூடத் தேடினார்களாம். ஒருவர் ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினார்.

"இங்க யாரும் இல்லம்மா! சமையல் ரூம்தான் இருக்கு!"

"இருக்கணுமே" என்றேன். அது ஏணி உச்சிவரைக்கும் எட்டியிருக்காது. நான் சத்தம் போட்டுப் பேசிப் பழகாதவள்.

அவர்கள் மறுபடி தேடினார்கள். அப்புறம் நடுவிலிருந்த தளம் சரியத் தொடங்கிவிட்டது. அவர்களை உடனே கீழே இறங்கச் சொல்லிவிட்டார் அதிகாரி. மற்றதை நீங்கள் பார்த்தீர்கள்.

மருத்துவமனை வராந்தாவில் தம்பி மனைவி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அழவில்லை. அவள் அழாததைப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்தது.

"அண்ணி, எந்த மாடின்னு சொன்னீங்க?"

"அவன் எதைச் சொன்னானோ அதைத்தான்."

"அவர் என்ன சொன்னார்?"

"ரெண்டாம் மாடின்னான்."

"அவர் உங்ககிட்ட சொன்னார். உங்ககிட்ட அப்படித்தான் சொல்வார். நீங்க அவங்ககிட்ட என்ன சொன்னீங்கன்னு கேக்கறேன்."

"அதையேதான் சொன்னேன், ஒரு எழுத்து மாறாம."

"ஒரு எழுத்து மாத்தியிருக்கலாமே அண்ணி" என்றாள். எழுந்து எதிர் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாள். அதற்குப் பிறகு என்னோடு அவள் பேசவில்லை.

ஜெராக்ஸ் கடைக்காரர் உங்களிடம் வேறு ஏதோ சொல்லியிருக்கிறாராம். பார்சல்காரர்கள் வந்து வழி கேட்டால் நான், "உங்க கணக்குல ஒண்ணு, எங்க கணக்குல ரெண்டு" என்று விவரமாகச் சொல்லி அனுப்புவேனாம். அவர் அப்படிக் கேட்டிருக்க முடியாது. அவர் கடையில் எப்போதும் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். பாவம், கடையைப் பறிகொடுத்தவர். யார்மேலாவது போட வேண்டும் அல்லவா?

இனி அந்த இரண்டாவது அழைப்பு. முதல் நாள் கேட்டபோது சரியாகக் கேட்கவில்லை, இரைச்சல் என்று சொன்னேன். நீங்கள் பேனாவை மூடிவைத்தீர்கள். இரைச்சலுக்கு அவ்வளவு நேரம் போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்பார்களா என்று நீங்கள் நினைத்தது எனக்குக் கேட்டது. வளர்ந்த பிள்ளையிடம் பொய் சொன்ன மாதிரி இருந்தது. இப்போது சொல்லிவிடுகிறேன்.

தெளிவாகவே கேட்டது. அவர்கள் மேலே ஏறின பிறகு வந்த அழைப்பு அது.

"அக்கா, தலைக்கு மேல பூட்ஸ் சத்தம் கேக்குது. ஒரு மாடி தாண்டிப் போயிட்டாங்க. கீழ, கீழன்னு சொல்லு."

"ம்."

"நான் கத்தறேன், அவங்களுக்குக் கேக்கல. பலகையைத் தட்டறேன். சொல்றியா அக்கா?"

"சொல்றேன்டா."

அதற்கப்புறம் அவன் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. அவன் எதாலோ மேல் பலகையைத் தட்டிக்கொண்டே இருந்தான். தராசுத் தண்டாக இருக்க வேண்டும், அந்த மாதிரி ஓசை. அதிகாரி என்னிடமிருந்து கை நீட்டினால் தொடுகிற தூரத்தில்தான் நின்றார். என் பையில் பால் பாக்கெட் கசிந்துகொண்டிருந்தது. கல்யாணம் பேச வந்தவர்கள் எங்கள் தலைக்கு மேலே நடந்தது ஞாபகம் வந்தது. அன்றைக்கு அப்பா ஏறிப் போகவில்லை. அம்மா கெஞ்சினாள், தம்பி சிரித்தான். அவர் இரண்டு பேரையுமே திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு கட்டடத்தின் சட்டம் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும். ஆளுக்கு ஆள் வளையக் கூடாது. கொஞ்ச நேரத்தில் தட்டுவது நின்றது. நான் போனை அணைத்துப் பைக்குள் போட்டேன்.

ஆகவே இரண்டாவது அழைப்புக்கு நான் பொறுப்பு. மறுக்கவில்லை. நான் பேசாமல் இருந்தேன், அதனால் அவன் செத்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் பேசாமல் இருந்தது வேறு, பொய் சொன்னது வேறு. நான் பொய் சொல்லவில்லை.

கட்டடம் என்ன ஆயிற்று என்று விசாரித்தேன். உத்தரங்கள், தளங்கள், பின் சுவர் எல்லாம் போய்விட்டதாம். கம்பிகள் சூட்டில் வளைந்து, நட்சத்திரங்கள் பிடுங்கிக்கொண்டனவாம். முன் சுவர் மட்டும் நிற்கிறதாம், ஒரு செங்கல் குறையாமல். செங்கல்லுக்கு நெருப்பு புதிதா என்ன? பில்டர் வந்து பார்த்துவிட்டு முட்டுக் கொடுக்கச் சொல்லிவிட்டுப் போனாராம். தம்பி மனைவி கையெழுத்துப் போட்டுவிடுவாள் என்று நினைக்கிறேன். அவள் அந்த வீட்டில் பிறந்தவள் இல்லை.

நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற அந்த ஒன்றுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். அதிகாரி எந்த மாடி என்று கேட்டபோது, தெருவில் நிற்கிறவரிடம் எதற்காக எங்கள் கணக்கைச் சொன்னேன்? யோசித்துச் சொன்னேனா, வாய் தவறிச் சொன்னேனா? இரண்டும் இல்லை. நரம்பில்லாத நாக்கு நாலும் பேசும் என்பார்கள். என் நாக்குக்குத் தாத்தா நரம்பு வைத்துவிட்டுப் போனார். அதில் ஒரே கணக்குதான் வரும். முதல் மாடி என்றால் சாகிறவரைக்கும் எனக்கு ஜெராக்ஸ் கடைதான். நீங்கள் அடித்துக் கேட்டாலும் வேறு கணக்கு என் வாயில் வராது.

சந்தேகமாக இருந்தால் என் தம்பியைத்தான் கேட்டிருக்க வேண்டும், சார். பாவம், முதல் மாடியில் மூச்சு முட்டிக் கிடந்தபோதும் அவன் என்னை நம்பிக்கொண்டுதான் இருந்தான்.